எல்லை போட்ட ஓட்டு: கன்னியாகுமரி ஏன் தனித்து நிற்கிறது?

2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37-ஐ அ.தி.மு.க. அள்ளிக்கொண்டு போனது. மீதமிருந்த இரண்டில் ஒன்று தருமபுரி, மற்றொன்று கன்னியாகுமரி. அந்தத் தேர்தலில் பெரிய கட்சிகள் ஒன்றோடொன்று சேராமல், தனியாகவோ சிறு கட்சிகளை மட்டும் சேர்த்துக்கொண்டோ நின்றன என்பதால், ஒவ்வொரு கட்சிக்கும் ஒவ்வொரு ஊரிலும் சொந்தமாக எவ்வளவு ஓட்டு இருக்கிறது என்று பார்ப்பதற்கு அதைவிட நல்ல தேர்தல் கிடைக்காது. கன்னியாகுமரியில் வந்த வரிசை இது: முதலிடம் பா.ஜ.க., 3,72,906 ஓட்டுகள். இரண்டாமிடம் காங்கிரஸ், 2,44,244. மாநிலம் முழுவதையும் வென்ற அ.தி.மு.க. இங்கே 1,76,239 ஓட்டுகளுடன் மூன்றாமிடம். தி.மு.க. 1,17,933 ஓட்டுகளுடன் நான்காமிடம். மாநிலத்தின் மற்ற பகுதிகளில் டெபாசிட்டுக்கே திண்டாடிய காங்கிரஸ் இரண்டாமிடம் பிடித்த ஒரே தொகுதி இதுதான். வரிசை அப்படியே தலைகீழாக நிற்கிறது. அரை நூற்றாண்டாக இரண்டு திராவிடக் கட்சிகளுக்கு இடையில் மட்டுமே ஊசலாடும் ஒரு மாநிலத்தின் தெற்கு முனையில், இரண்டு தேசியக் கட்சிகள் நேருக்கு நேர் மோதும் ஒரு மாவட்டம் எப்படி வந்தது? இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

இதற்கு எல்லோரும் கைவசம் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். தேர்தல் இரவுகளில் தொலைக்காட்சி விவாதங்களில் அதைத் தவறாமல் கேட்கலாம்: "அங்கே எல்லாம் மதம்தான் சார். கிறிஸ்தவர்கள் காங்கிரஸுக்குப் போடுவார்கள், இந்துக்கள் பா.ஜ.க.வுக்குப் போடுவார்கள், அவ்வளவுதான்." 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதற்கு ஒத்துப்போவது போலத் தெரியும். மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், முஸ்லிம்கள் 4.20 சதவீதம். தமிழ்நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இந்த விகிதம் கிடையாது. அதனால் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். முடியவில்லை என்பதே என் வாதம். குமரியின் ஓட்டு மதத்திலிருந்து பிறக்கவில்லை. 1956 வரை அந்த மண்ணின் மேல் கிடந்த ஓர் அரசியல் எல்லையிலிருந்து பிறந்தது. அந்த எல்லை உண்டாக்கிய காலியிடத்தில் மதம் பிற்பாடு வந்து உட்கார்ந்தது. எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் எல்லையைப் பார்ப்போம். இன்று கன்னியாகுமரி மாவட்டம் என்று சொல்லும் நிலம், அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களாகத் திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் கீழும் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இந்தத் தேதிக்கு முன்னால் சென்னை மாகாணத்தில் என்னவெல்லாம் நடந்து முடிந்திருந்தன என்று எண்ணிப் பாருங்கள். 1920-ல் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. 1925-க்குப் பிறகு சுயமரியாதை இயக்கம் ஊர் ஊராகப் பரவியது. 1937-லிருந்து இந்தி எதிர்ப்புப் போராட்டம். 1944-ல் திராவிடர் கழகம், 1949-ல் தி.மு.க. ஒரு கட்சிக்கு ஊரில் வேர் பிடிக்கத் தேவையான படிப்பகம், மன்றம், நாடகம், பத்திரிகை எல்லாம் இந்த முப்பது வருடங்களில்தான் முளைத்தன. அந்த முப்பது வருடங்களும் குமரி மக்கள் வேறொரு ராஜ்ஜியத்தின் குடிகளாக இருந்தார்கள். அவர்களுடைய அரசாங்கம் திருவனந்தபுரத்தில் இருந்தது. அவர்கள் எதிர்த்து நின்ற அதிகாரமும் அங்கேதான் இருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வடக்கே நடந்ததை அவர்கள் செய்தியாகக் கேட்டார்கள். அது அவர்களுடைய அன்றாடச் சண்டையாக இருக்கவில்லை.

அங்கே அன்றாடச் சண்டை இல்லாமல் இல்லை. இந்த விளக்கத்தின் நடுத்தூணே அதுதான். திராவிட இயக்கம் மற்ற மாவட்டங்களில் எந்தக் கோபத்தைத் திரட்டியதோ, அந்தக் கோபம் தென் திருவிதாங்கூரில் நூறு வருடம் முன்பே வேறு வாய்க்கால்களில் ஓடிவிட்டது. மேல்சாதியார் முன்னால் மார்பை மறைக்கக்கூடாது என்ற கொடுமைக்கு எதிரான தோள்சீலைப் போராட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே வெடித்தது. 1859-ல் மன்னரின் அறிவிப்பு வரும்வரை அது ஓயவில்லை. அதே காலத்தில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர், ஒடுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்று வழிபடச் சொன்னார். இன்னொரு பக்கம் மயிலாடியில் தொடங்கிய இலண்டன் மிஷன், பள்ளிக்கூடங்களையும் ஆஸ்பத்திரிகளையும் கட்டியது. 1936-ல் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது. கோயில் நுழைவும் கல்வியும் சுயமரியாதையும் குமரியில் ஒரு கட்சியின் கொடியோடு சேர்ந்து வரவில்லை. அவை திருச்சபையின் வழியாகவும் வைகுண்டரின் வழிபாட்டு இடங்களான நிழல்தாங்கல்களின் வழியாகவும் சமுதாயச் சங்கங்களின் வழியாகவும் வந்து சேர்ந்தன. மற்ற மாவட்டங்களில் ஒரு எளிய குடும்பம் "எங்களை மனுஷனாக்கியது இந்தக் கட்சி" என்று சொல்லும் இடத்தில், குமரியில் வேறு பெயர்கள் இருந்தன.

பிறகு இன்னொரு போராட்டம் வந்தது. தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்ற கோரிக்கை. இதை நடத்தியது மார்ஷல் நேசமணி தலைமையேற்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அதே வருடத் தேர்தலில் இந்தக் கட்சி திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தில் 12 இடங்களை வென்றிருந்தது. இணைப்பு முடிந்ததும் அது இந்திய தேசிய காங்கிரஸோடு கலந்துவிட்டது. இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். தமிழுக்காக ரத்தம் சிந்திய இயக்கம் என்ற பெருமை மற்ற மாவட்டங்களில் தி.மு.க.வின் முதல் சொத்து. குமரியில் அந்தச் சொத்து காங்கிரஸின் பெயரில் எழுதப்பட்டுவிட்டது. 1957-ல் தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் இறங்கியது. குமரி மக்கள் சென்னை மாநிலத்து வாக்காளர்களாக முதல் ஓட்டைப் போட்டதும் அதே 1957-ல்தான். அந்தக் கட்சி வந்து கதவைத் தட்டியபோது வீட்டுக்குள் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள்.

இதன் விளைவு பத்து வருடத்தில் தெரிந்தது. 1967-ல் தி.மு.க. அலையில் காங்கிரஸுக்கு மாநிலத்தில் மிஞ்சியவை மூன்றே மக்களவைத் தொகுதிகள். 2009-க்கு முன் இந்தப் பகுதியின் தொகுதியாக இருந்த நாகர்கோவில் அதில் ஒன்று, வென்றவர் நேசமணி. அதே வருடச் சட்டமன்றத் தேர்தலில் காமராஜர் தன் சொந்த ஊரான விருதுநகரில் தோற்றார். நேசமணி மறைந்ததும் 1969 இடைத்தேர்தலில் காமராஜரை மக்களவைக்கு அனுப்பிவைத்தது நாகர்கோவில்தான். 1971-ல் இந்திரா காந்தியும் தி.மு.க.வும் கைகோர்த்து மாநிலத்தின் 39 தொகுதிகளில் 38-ஐ வென்றபோது, மிச்சமிருந்த அந்த ஒரே இடத்தில் நின்று ஜெயித்தவர் மறுபடியும் காமராஜர். 1977-ல் குமரி அனந்தன். பிறகு 1980 முதல் 1998 வரை ஆறு முறை தொடர்ந்து என். டென்னிஸ், முதலில் காங்கிரஸிலும் பிறகு தமிழ் மாநிலக் காங்கிரஸிலும். 1999-ல் பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன். 2004-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின். இந்தத் தொகுதியை தி.மு.க. முதன்முதலாக வென்றது 2009-ல், ஹெலன் டேவிட்சன் மூலம். அண்ணா முதலமைச்சராகி நாற்பத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு. தன் சொந்தச் சின்னத்தில் அ.தி.மு.க. 2024 வரை இங்கே ஒருமுறைகூட மக்களவைத் தேர்தலில் ஜெயிக்கவில்லை.

இந்தப் பட்டியலை மதக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பாருங்கள், கண்ணாடி பொருந்தாது. நேசமணி கிறிஸ்தவர், காமராஜர் இந்து. 1967-லும் 1969-லும் இரண்டே வருட இடைவெளியில் அதே மக்கள் இருவரையும் ஜெயிக்கவைத்தார்கள். அந்தத் தலைமுறையில் ஒரே குடும்பத்தின் ஒரு கிளை தேவாலயத்துக்கும் இன்னொரு கிளை கோயிலுக்கும் போவது வழக்கமாக இருந்த ஊர்கள் இவை. அவர்களைச் சேர்த்து வைத்திருந்தது இணைப்புப் போராட்டத்தின் நினைவும், சமுதாய உறவும், காங்கிரஸ் என்ற பெயரும். இதை ஒருவருடைய வாழ்க்கையிலேயே கிட்ட வைத்துப் பார்க்கலாம். தாணுலிங்க நாடார் இணைப்புப் போராட்டத்தில் நேசமணியோடு நின்றவர். 1957-ல் காங்கிரஸ் சார்பில் நாகர்கோவிலிலிருந்து மக்களவைக்குப் போனவர். அதே மனிதர் 1980-களில் இந்து முன்னணியின் தலைவராக இருந்தார். காங்கிரஸ், பா.ஜ.க. என்று இன்று எதிரெதிரே நிற்கும் இரண்டு முகாம்களுக்கும் அடியில் ஒரே வேர் ஓடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

அந்த வேர் எங்கே பிளந்தது என்பதற்கும் தேதி இருக்கிறது: 1982 மார்ச், மண்டைக்காடு. பகவதி அம்மன் கோயில் கொடைவிழா நாட்களில் கடற்கரையில் தொடங்கிய மோதல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. கலவரம் கடலோர ஊர்களுக்கும் உள்நாட்டு ஊர்களுக்கும் பரவியது. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. அதற்கு முன்பும் உரசல்கள் இருந்தன. ஆனால் ஓட்டுப்பெட்டியில் அவை தனிக் கட்சியாக உருவெடுத்ததில்லை. 1984-ல் பத்மநாபபுரம் சட்டமன்றத் தொகுதியில் இந்து முன்னணியின் ஆதரவோடு சுயேச்சையாக நின்ற பாலச்சந்திரன் ஜெயித்தார். 1996-ல் அதே பத்மநாபபுரம் தமிழ்நாட்டின் முதல் பா.ஜ.க. சட்டமன்ற உறுப்பினராக வேலாயுதனை அனுப்பியது. கலவரங்கள் மற்ற ஊர்களிலும் நடந்திருக்கின்றன. அங்கெல்லாம் அந்தக் காயம் இப்படித் தனிக் கட்சியின் பலமாக மாறவில்லை. இங்கே ஏன் மாறியது என்றால், காங்கிரஸுக்கு எதிரே நிற்கும் கட்சி என்ற இடம் குமரியில் உறுதியாக யாருக்கும் சொந்தமாக இருக்கவில்லை. மதுரையிலோ தஞ்சையிலோ ஒரு கட்சியின் மேல் கோபம் வந்தால் மக்கள் மாறிப் போடுவதற்கு எதிரே இன்னொரு திராவிடக் கட்சி நிற்கும். குமரியில் அந்த நாற்காலி பாதி காலியாகக் கிடந்தது. பிளவு அதில் உட்கார்ந்தது.

"சரி, எப்படி வந்தாலும் இப்போது மதம்தானே?" என்று ஒரு வாசகர் கேட்டால் அது நியாயமான கேள்வி. இன்றைய குமரி அரசியலில் மதம் பெரிய சக்தி என்பதை நான் மறுக்கவில்லை. மறுப்பது அது எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்பதைத்தான். மத விகிதம் பத்து வருடத்தில் மாறும் விஷயம் கிடையாது. ஆனால் முடிவுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதே பத்மநாபபுரத்தை எடுத்துக்கொள்வோம். 1996-ல் பா.ஜ.க., 2001-ல் அ.தி.மு.க., 2006, 2011, 2016, 2021 என்று நான்கு தேர்தல்களில் தி.மு.க. தொகுதி மறுவரையறையில் எல்லைகள் கொஞ்சம் மாறியது உண்மைதான். அதற்காக ஊர்கள் மதம் மாறிவிடவில்லை. மாறாத ஒன்றைக் காட்டி மாறும் ஒன்றை விளக்க முடியாது. அடுத்து, கிறிஸ்தவர்கள் கணிசமாக வாழும் இன்னொரு கடலோர ஊரான தூத்துக்குடியைப் பாருங்கள். அந்தச் சட்டமன்றத் தொகுதி 2011-ல் அ.தி.மு.க.வுக்குப் போனது, 2016-லும் 2021-லும் தி.மு.க.வுக்குப் போனது. அதே மதம், அதே கடல், கிட்டத்தட்ட அதே பேச்சு. நடுவில் இருந்த வித்தியாசம் பழைய எல்லைக்கோடு.

எண்களை இன்னும் கிட்டப்போய்ப் பார்த்தால் மதக் கணக்கு வேறொரு இடத்திலும் தடுக்கி விழுகிறது. பொன். ராதாகிருஷ்ணன் 2014-ல் வாங்கியது 3,72,906 ஓட்டுகள். 2019-ல் 3,67,302. 2024-ல் 3,66,341. பத்து வருடத்தில் வாக்காளர் பட்டியல் நீண்டது, நாட்டில் அந்தக் கட்சி எங்கெங்கோ வளர்ந்தது, இங்கே இந்த மூன்று பொதுத்தேர்தல்களிலும் அதன் ஓட்டு ஏழாயிரத்துக்குள்தான் அசைந்தது. முதல் தேர்தலில் அவர் 1,28,662 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார், மற்ற இரண்டிலும் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். அவர் ஜெயித்ததும் தோற்றதும் அவருடைய ஓட்டு கூடியதாலோ குறைந்ததாலோ நடக்கவில்லை. எதிரே இருந்த ஓட்டு 2014-ல் பல கட்சிகளாகச் சிதறியது, 2019-ல் ஒன்றாகச் சேர்ந்தது. அவ்வளவுதான். அதோடு, இந்துக்கள் எல்லோரும் ஒரே பக்கம் போடுகிறார்கள் என்றால் ஏறக்குறைய பாதி ஓட்டு அந்தப் பக்கம் விழுந்திருக்கவேண்டும். மாவட்டம் முழுவதும் ஒரே மக்களவைத் தொகுதியான 2009-க்குப் பிறகு எந்தத் தேர்தலிலும் பா.ஜ.க. பாதியை நெருங்கவே இல்லை. தாமரைக்குப் போடாத இந்து ஓட்டுகள் இல்லாமல் 2019-லும் 2024-லும் காங்கிரஸ் அவ்வளவு பெரிய வெற்றி பெற்றிருக்க முடியாது. அந்த வெற்றிகளைப் பெற்ற எச். வசந்தகுமாரும் அவருடைய மகன் விஜய் வசந்தும் கிறிஸ்தவர்கள் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கிறிஸ்தவ ஓட்டுகள் அவர்களுக்குத் தாராளமாக விழுந்தன.

இதில் அ.தி.மு.க. ஓட்டின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. 2014-ல் தனியாக நின்று 1,76,239 ஓட்டு வாங்கிய கட்சி, 2019-ல் பா.ஜ.க.வோடு கூட்டணி வைத்தது. கூட்டிக் கழித்தால் பொன். ராதாகிருஷ்ணனுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் விழுந்திருக்கவேண்டும். விழுந்தது பழைய 3.67 லட்சம்தான். காங்கிரஸுக்கோ 6,27,235. கூட்டணித் தலைவர்கள் கை குலுக்கினார்கள், ஓட்டு கூடவே வரவில்லை. 2024-ல் அ.தி.மு.க. மறுபடி தனியாக வந்தபோது அதற்குக் கிடைத்தது 41,393 மட்டும். நாம் தமிழர் கட்சிக்கும் கீழே நான்காமிடம். வேர் பிடித்த கட்சியின் ஓட்டு பத்து வருடத்தில் இப்படிக் கரையாது. 2014-ல் விழுந்த அந்த ஓட்டில் பெரும்பகுதி வேட்பாளருக்காகவும் அந்த நேரத்துக் காற்றுக்காகவும் விழுந்தது என்று கொள்வதே பொருத்தம்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. திராவிடக் கட்சிகள் கூட்டணிப் பங்கீட்டில் குமரித் தொகுதிகளைத் தேசியக் கட்சிகளுக்குக் கொடுத்துவிடுகின்றன, வேறு சின்னமே இல்லாதபோது மக்கள் என்ன செய்வார்கள், இதில் வரலாறு எங்கே வந்தது என்பது அது. இதற்கு 2011 பதில் சொல்கிறது. அந்தச் சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கூட்டணியில் காங்கிரஸ் மாநிலம் முழுக்க 63 தொகுதிகளில் நின்றது. ஜெயித்தது ஐந்தே ஐந்து. அந்த ஐந்தில் மூன்று குமரி மாவட்டத்தில் இருந்தன: குளச்சல், விளவங்கோடு, கிள்ளியூர். சின்னம் கிடைப்பதுதான் காரணமென்றால் மற்ற 60 இடங்களிலும் அதே கை சின்னம்தானே இருந்தது? மேலும், எல்லாச் சின்னங்களும் ஒரே நேரத்தில் மேசைமேல் இருந்த 2014-ல் மக்கள் எதை எடுத்தார்கள் என்பதை மேலே பார்த்துவிட்டோம். பங்கீடு இந்த வடிவத்தை உண்டாக்கவில்லை. தங்களுக்கு அங்கே ஆழமில்லை என்று பெரிய கட்சிகளுக்குத் தெரிந்திருப்பதால்தான் பங்கீடே அப்படி அமைகிறது.

"அப்படியானால் திராவிடக் கட்சிகள் குமரியில் ஜெயித்ததே இல்லையா?" என்று மடக்கலாம். ஜெயித்திருக்கின்றன, அது என் வாதத்துக்கு உதவவே செய்கிறது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளையும் கிழக்கிலிருந்து மேற்காக நடந்து பாருங்கள். கிழக்கே கன்னியாகுமரி, நாகர்கோவில். தோவாளைப் பூச்சந்தை, நாஞ்சில் நாட்டு வயல்கள், கணவாயைத் தாண்டினால் திருநெல்வேலிச் சீமை. வியாபாரம், சம்பந்தம், பத்திரிகை எல்லாம் வடக்கோடு ஓடும் பக்கம் இது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இந்தப் பக்கத்துக்காரர். தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் மாறி மாறிப் பலமுறை ஜெயித்ததும் இங்கேதான். மேற்கே போகப்போக வயல் குறைந்து ரப்பர் தோட்டம் வரும், வீடுகள் சாலையோரம் இடைவெளியில்லாமல் நீளும், பேச்சில் மலையாள வாடை ஏறும், பெரிய ஆஸ்பத்திரிக்குத் திருவனந்தபுரம் போவார்கள். அங்கே விளவங்கோட்டிலும், மறுவரையறையில் மறைந்துபோன திருவட்டாறிலும் போட்டி நெடுங்காலம் காங்கிரஸுக்கும் மார்க்சிஸ்ட் கட்சிக்கும் இடையில் நடந்தது. 2006-ல் இரண்டையும் மார்க்சிஸ்டுகள் வைத்திருந்தார்கள். காங்கிரஸ் எதிர் கம்யூனிஸ்ட் என்பது நெய்யாற்றின்கரையைத் தாண்டினால் கிடைக்கும் கேரளத்து அரசியலின் அச்சு. திராவிட அரசியலின் பலம் பழைய எல்லையின் கிழக்கு வாசலில் கூடுதலாகவும் மேற்கே போகப்போகக் குறைவாகவும் இருக்கிறது. மதம்தான் எல்லாம் என்று சொல்பவர்களின் கணக்கில் இந்தச் சரிவுக்கு இடமே கிடையாது.

இந்தக் கிழக்கு மேற்கு வித்தியாசத்தை 2021 ஏப்ரல் 6 ஒரே நாளில் காட்டியது. வசந்தகுமார் 2020 ஆகஸ்டில் கொரோனாவுக்குப் பலியானதால் மக்களவை இடைத்தேர்தலும் சட்டமன்றத் தேர்தலும் ஒன்றாக வந்தன. குமரி வாக்காளர் ஒரே பூத்தில் இரண்டு முறை பொத்தானை அழுத்தினார். மக்களவைக்கு மொத்தக் கணக்கில் காங்கிரஸின் விஜய் வசந்த் 1,37,950 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். சட்டமன்றத்துக்கோ ஆறு தொகுதிகள் நான்கு கட்சிகளுக்குப் பிரிந்தன: குளச்சல், விளவங்கோடு, கிள்ளியூர் காங்கிரஸுக்கு, பத்மநாபபுரம் தி.மு.க.வுக்கு, கன்னியாகுமரி அ.தி.மு.க.வுக்கு, நாகர்கோவில் பா.ஜ.க.வுக்கு. நாகர்கோவிலில் ஜெயித்த எம்.ஆர். காந்தி பல தேர்தல்களில் நின்று தோற்றவர், செருப்புப் போடாமல் நடப்பவர் என்று ஊரறிந்த முதியவர். அவருக்கு விழுந்த ஓட்டில் கட்சிக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. 2016-ல் இதே ஆறும் தி.மு.க.-காங்கிரஸ் கூட்டணிக்குப் போயிருந்தன, மாநிலத்தில் ஆட்சியைத் தக்கவைத்த அ.தி.மு.க.வுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஐந்தே வருடத்தில் இரண்டு தொகுதிகள் மாறின. மக்கள் யோசித்துப் போடுகிறார்கள் என்பதற்கு இதுவே போதும். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது. அவர்களைப் பற்றி வேறெப்படி நினைப்பது?

இப்போது ஆரம்பத்தில் விட்ட கேள்விக்கு வருகிறேன். எது முதலில் வந்தது என்பது ஏன் முக்கியம்? ஏனென்றால் மதம்தான் எல்லாம் என்று முடிவுகட்டிவிட்டால், அந்த மக்களின் பிரச்சினைகள் காதில் விழாமல் போய்விடுகின்றன. 2016-ல் இனயத்தில் பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகம் கட்ட மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. கடற்கரை ஊர்கள் எதிர்த்து எழுந்தன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. எச்சரிக்கை நேரத்தோடு வரவில்லை, தேடும் கப்பல்கள் உடனே வரவில்லை என்று மீனவர்கள் ரயிலை மறித்து உட்கார்ந்தார்கள். அடுத்த மக்களவைத் தேர்தல் 2019. அந்த ஊர்களின் ஓட்டைக் "கிறிஸ்தவ ஓட்டு" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போவது, வாசலில் படகு திரும்பும் என்று காத்திருந்த பெண்ணின் காரணத்தை அழித்துவிட்டு அவளுடைய ஞானஸ்நானப் பதிவை மட்டும் படிப்பது போன்றது. அதேபோல மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பாலங்கள் வந்ததை மனதில் வைத்து, நெரிசலில் மணிக்கணக்காக நின்ற எரிச்சல் தீர்ந்ததற்காகத் தாமரைக்குப் போட்டவரும் இருந்திருப்பார். அவரை "இந்து ஓட்டு" என்ற பெட்டியில் போட்டால் அவருக்கும் அநியாயம்.

கட்சிகளும் இந்தச் சோம்பலான கணக்கையே நம்பத் தொடங்கினால் நஷ்டம் இன்னும் பெரிது. ஒரு பக்கம் "இந்த ஓட்டு எப்படியும் நமக்குத்தான்" என்று உழைக்காமல் இருக்கும், இன்னொரு பக்கம் "இந்த ஓட்டு எப்படியும் நமக்கு இல்லை" என்று எட்டிப் பார்க்காமல் இருக்கும். ரப்பர் விலை, முந்திரி ஆலைத் தொழிலாளிகளின் கூலி, நான்கு வழிச்சாலைக்குப் போகும் வயல், கடலரிப்பில் கரையும் வீடு எல்லாம் நடுவில் அநாதையாக நிற்கும். வேட்பாளர் பட்டியல் வெளியாகும் நாளில் "இவர் எந்தச் சபை, எந்தச் சமுதாயம்" என்று மட்டும் கேட்கும் பழக்கம் பத்திரிகைகளிலும் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது. சட்டமன்றத்தில் இந்த ஐந்து வருடம் என்ன பேசினார் என்று கேட்பது அதைவிடக் கஷ்டமில்லை.

மதப் பிளவு குமரியின் பிறவிக் குணமாக இருந்திருந்தால் 1967-ல் நேசமணியும் 1969-ல் காமராஜரும் அங்கே ஜெயித்திருக்க முடியாது. அந்தப் பிளவு கட்சியாகத் திரண்டதற்கு 1982 என்ற தொடக்கம் இருக்கிறது. அதற்கு இடம் கொடுத்த சூழ்நிலைக்கு 1956-க்கு முந்தைய எல்லை என்ற காரணம் இருக்கிறது. ஒரு தேதியில் ஆரம்பித்தது இன்னொரு தேதியில் முடியலாம். முடிக்கவேண்டியவர்கள் ஓட்டுப்போடும் மக்கள்தான், அவர்கள் அதற்குத் தயாராக இருக்கிறார்கள் என்பதற்கான தடயங்கள் மேலே சொன்ன எண்களுக்குள்ளேயே கிடக்கின்றன: மூன்று பொதுத்தேர்தல்களில் நகராத ஒரு ஓட்டு வங்கி, தலைவர்கள் சொன்ன பக்கம் போகாத கூட்டணி ஓட்டு, ஒரே நாளில் நான்கு கட்சிகளைத் தேர்ந்தெடுத்த ஆறு தொகுதிகள். அடுத்த தேர்தல் இரவில் குமரியின் முடிவு திரையில் வரும்போது, மத சதவீதத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அந்த நான்கு தாலுகாக்கள் எந்த வாசல் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்தன என்பதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.